டொல்பின் வானில் எல்லாம் இருக்கிறது, இரவு பத்து மணிக்கு மேல் கரண்ட் மட்டும் இல்லை

கல்லடிப் பக்கமிருந்து ஒரு தம்பி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருப்பதால் விவரத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

பழைய டொல்பின் வான் ஒன்றை வாங்கிப் பின் சீற்றுகளைக் கழற்றியிருக்கிறார். கட்டில், சின்னப் பிரிட்ஜ், இரண்டு ஃபேன், லைட், போன் சார்ஜ் பண்ண பிளக் எல்லாம் வைத்து, உல்லாசப் பயணிகளைப் பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் கூட்டிப்போகிற வீடாக மாற்றியிருக்கிறார். ஓட்டுவதும் அவரேதான். வயரிங் செய்தது அவருடைய மச்சான், ஊரில் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். கட்டிலுக்குக் கீழே 200 அம்பியர்-மணி (10 அம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கிற அளவு) 'என்200' லொறி பற்றரி. அதற்கு மூன்று வழியில் சார்ஜ் வருகிறது. எஞ்சின் ஓடும்போது முன் பற்றரியிலிருந்து ரிலே (தானாகச் சேர்ந்து பிரிகிற சுவிட்ச்) வழியாக. கூரையில், வீட்டுச் சோலருக்கு வாங்கி மிஞ்சிய 330 வாட் பேனலிலிருந்து. தங்குமிடத்தில் பிளக் கிடைத்தால் 10 அம்பியர் சார்ஜரிலிருந்து.

காலையில் மட்டக்களப்பில் புறப்பட்டு, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் தாண்டி இரண்டரை மணி நேர ஓட்டத்தில் பொத்துவிலில் இறங்கும்போது, பேனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் இருக்கிற சார்ஜ் கொன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிகிறதாம். 'ஃபுல்' என்று நம்பிவிடுகிறார். முதல் இரவு எப்படியோ ஓடிவிடும். இரண்டாம், மூன்றாம் இரவு பத்து மணிக்கெல்லாம், பற்றரிக் கரண்டை 230 வோல்ட்டாக மாற்றுகிற இன்வேர்ட்டர் கீச்சிடத் தொடங்கும். பிரிட்ஜும் ஃபேனும் நின்றுவிடும். "வெள்ளைக்காரர் பகல் முழுக்க வெயிலில் கிடப்பார்கள் சேர், ஆனால் ஃபேன் இல்லாமல் வானுக்குள் ஒரு மணி நேரம் படுக்கமாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். முதல் பற்றரி எட்டு மாதத்தில் போய்விட்டது. இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய இரண்டாவதும் அதே வழியில் போகிறது. கடைக்காரர், "நீங்கள் அளவுக்கு மிஞ்சிப் பாவித்தீர்கள், உத்தரவாதம் செல்லாது" என்கிறார். கராஜ்காரர் பெரிய அல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுழன்று கரண்ட் தருவது) போடச் சொல்கிறார். அக்கரைப்பற்று நண்பர் லிதியம் பற்றரி வாங்கச் சொல்கிறார். எதற்குக் காசு செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

கடிதத்தின் கடைசியில், முக்கியமில்லாத விஷயம் போல ஒரு வரி எழுதியிருக்கிறார். எஞ்சின் ஓடும்போது மல்டிமீற்றர் வைத்துப் பார்த்ததில் முன் பற்றரியில் 14.1 வோல்ட், பின் பற்றரியில் 12.9 வோல்ட். "பன்னிரண்டை விடக் கூட என்பதால் சார்ஜ் ஏறுகிறது என்றுதானே அர்த்தம்?"

அந்த ஒரு வரியில் இருக்கும் பதில்

இல்லை தம்பி, ஏறவில்லை. சொட்டுச் சொட்டாகப் போகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். தண்ணீர் ஊற்றுகிற ஈய-அமிலப் பற்றரி ஒழுங்காக நிறைய வேண்டுமென்றால், அதன் இரண்டு முனையிலும் நேராகத் தொட்டுப் பார்க்கும்போது 14.4 வோல்ட் அளவில், சில மணி நேரம், இருக்கவேண்டும். நிறைந்த பற்றரியைச் சும்மா நிறைவாக வைத்திருக்கவே 13.5 வேண்டும். 12.9 அதற்கும் கீழே.

அரைகுறையாகவே நாள் கணக்கில் கிடக்கிற பற்றரியின் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படிகமாகிவிடும். பிறகு நல்ல சார்ஜ் கொடுத்தாலும் அந்தப் பகுதி திரும்பி வராது. உங்கள் முதல் பற்றரி செத்தது பெரும்பாலும் இப்படித்தான். நீங்கள் அதை அதிகம் பாவித்ததை விட, ஒருநாளும் முழுதாக நிரப்பாததுதான் பெரிய காரணம். மூன்றாவது பற்றரி வாங்கினாலும், லிதியமே வாங்கினாலும், அதே வயரில் கொழுவினால் கதை மாறாது.

அப்படியானால் 14.1க்கும் 12.9க்கும் இடையில் 1.2 வோல்ட் எங்கே போனது?

மச்சான் 7/0.67 வயர் போட்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுப் பிளக்குக்கு அது சரியான வயர்தான், அவருடைய தொழிலில் குறை சொல்ல நான் வரவில்லை. 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் வழியில் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அதே ஒரு வோல்ட்தான் சார்ஜ் ஏறுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. 7/0.67 என்பது ஏறத்தாழ 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு. முன்னிருந்து பின்னுக்கு ஆறு மீற்றர் என்றால் அதன் தடை சுமார் 0.04 ஓம். 15 அம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் வயரில் மட்டும் 0.6 வோல்ட் போய்விடும். மிச்ச 0.6 வோல்ட்? அதை ரிலேயின் முனைகளிலும், பியூஸ் கூட்டிலும், முக்கியமாக வானின் பொடியில் (இரும்பு உடம்பில்) 'ஏர்த்' அடித்திருக்கிற போல்ட்டிலும் தேடுங்கள். குளத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றாலும் வாய்க்கால் தூர்ந்துபோனால் கடைசி வயல் வட்டைக்கு வந்து சேராது; உங்கள் பின் பற்றரி அந்தக் கடைசி வட்டைதான்.

கழிப் பக்கத்தை (நெகட்டிவ்) எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மீற்றரின் ஒரு முனையை முன் பற்றரியின் கழியிலும், மற்றதை நீட்டு வயர் பிடித்துப் பின் பற்றரியின் கழியிலும் வைத்து, எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் போல்ட்டைக் கழற்றி, பெயின்டும் துருவும் போகச் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள். கடற்கரையில் ஓடுகிற வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இது தேவைப்படும். பற்றரி முனையில் பூக்கிற வெள்ளை, பச்சைத் தூளை அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவலாம், மூடிகளை இறுக்கி மூடிவிட்டு. ஒரு துளி சோடா உள்ளே போனாலும் அமிலம் கெட்டுவிடும்.

ஒரு விஷயத்தைக் கண்டித்தே சொல்லவேண்டும். அல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பற்றரி வயரைக் கழற்றிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஊரில் பலர் செய்கிறார்கள், பழைய டைனமோக் காலத்துப் பழக்கம். அல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் ஒரு கணத்தில் வோல்ட்டேஜ் எகிறி அதன் டையோட்டையோ ரெகுலேட்டரையோ சுட்டுவிடும். மீற்றர் கையில் இருக்கும்போது அது எதற்கு?

பச்சை விளக்கும் 330 வாட்டும்

கொன்ட்ரோலரின் பச்சை விளக்கு அந்த நேரத்து வோல்ட்டேஜைப் பார்த்து எரிகிறது. பற்றரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வெயிலிலும் எஞ்சின் ஓட்டத்திலும் எந்தப் பற்றரியும் 13 அளவில் காட்டும். உண்மையைப் பார்க்கவேண்டுமென்றால், சார்ஜும் பாவனையும் இல்லாமல் மூன்று நான்கு மணி நேரம் ஓய்வாக விட்டு, விடியற்காலையில் அளந்து பாருங்கள். 12.7 என்றால் நிறைவு. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. உங்கள் இன்வேர்ட்டர் கீச்சிடுவது அதற்கும் கீழே. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் எந்த ஈயப் பற்றரியும் நெடுநாள் நிற்காது, லொறி பற்றரி இன்னும் சீக்கிரம் போகும். லொறி எஞ்சினைச் சில விநாடி பலமாகச் சுழற்றுவதற்காக மெல்லிய தகடு வைத்துச் செய்யப்பட்டது அது. இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிற வேலைக்கு 'டீப் சைக்கிள்' என்று கேட்டு வாங்கவேண்டும்.

அடுத்தது பேனல். 330 வாட் என்றால் 330 வாட் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். வராது. உங்களுடையது வீட்டுக் கூரைக்கான 72 செல் பேனல், சுமார் 37 வோல்ட்டில் 9 அம்பியர் தருகிற வகை. நீங்கள் வைத்திருப்பதோ மலிவான பீ.டபிள்யூ.எம். கொன்ட்ரோலர். அது பேனலைப் பற்றரியோடு நேராகக் கொழுவிவிடுகிற ஒரு சுவிட்ச்தான். பற்றரி 13 வோல்ட்டில் இருந்தால் பேனலும் 13க்கு இறங்கும். 9 அம்பியரை 13ஆல் பெருக்கினால் 117 வாட். மிச்சமெல்லாம் கூரையிலேயே வெப்பமாகப் போகிறது. 'எம்.பி.பி.டி.' என்ற வகைக் கொன்ட்ரோலர் அந்த 37 வோல்ட்டை இறக்கி அம்பியரைக் கூட்டித் தரும். வெயில் நல்லாய் அடிக்கும்போது 18 அம்பியர் வரை எதிர்பார்க்கலாம். அதே பேனல், அதே வெயில், இரண்டு மடங்கு சார்ஜ். உங்கள் காசுக்கு அதிகம் திரும்பக் கிடைக்கிற செலவு இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

வாங்கும்போது அது தாங்குகிற உச்ச வோல்ட்டேஜைப் பாருங்கள். எதுவும் கொழுவாமல் அந்தப் பேனல் 45 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 50 வோல்ட் கொன்ட்ரோலர் என்றால் இடைவெளி மிகவும் குறைவு. பூட்டும்போது முதலில் பற்றரி, பிறகு பேனல். கழற்றும்போது மாறி. இந்த ஒழுங்கு பிசகினால் சில கொன்ட்ரோலர்கள் 12 வோல்ட் பற்றரியை 24 என்று எடுத்துக்கொள்ளும்.

வரவு செலவு

நீங்கள் தந்த பட்டியலை வைத்து ஒரு நாள் கணக்கைப் போட்டேன். பிரிட்ஜ் 70 அம்பியர்-மணி, இரவு ஃபேன்கள் 25, லைட்டும் போனும் 10. அப்புறம் இன்வேர்ட்டர். அதில் எதுவும் கொழுவாவிட்டாலும் 'ஓன்' செய்து வைத்தால் அதுவே மணிக்கு ஓர் அம்பியர் தின்னும், நாளுக்கு 24. ஆக ஏறத்தாழ 130.

வரவு? பேனல் இப்போதைய கொன்ட்ரோலரோடு நல்ல வெயிலில் ஐந்து மணி நேரத்துக்கு 45. எஞ்சினிலிருந்து, அந்த வயரில், முதல் அரை மணி நேரம் 15 அம்பியர் ஓடி, பிறகு ஐந்து ஆறுக்கு இறங்கிவிடும். முழு ஓட்டத்துக்கும் 20 என்று தாராளமாக வைப்போம். மொத்தம் 65. நாளுக்குப் பாதி கடன். அறுகம்பையில் நிறுத்திவிட்டால் எஞ்சின் வரவும் இல்லை. முதல் இரவு தப்பி, இரண்டாம் மூன்றாம் இரவு கீச்சிடுவதன் காரணம் இவ்வளவுதான்.

எம்.பி.பி.டி. போட்டால் பேனல் 90 தரும். வயரைத் திருத்தி 20 அம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் (எஞ்சின் பக்கத்துக் கரண்டைப் பின் பற்றரிக்கு வேண்டிய வோல்ட்டேஜில் அளவாகக் கொடுப்பது) வைத்தால் அந்த ஓட்டத்தில் 50. இன்வேர்ட்டரைத் தேவைக்கு மட்டும் போட்டால் செலவு 110க்கு இறங்கும். ஈயப் பற்றரிக்கு எடுத்ததை விடப் பத்துப் பதினைந்து வீதம் கூடக் கொடுக்கவேண்டும், அதையும் இந்தக் கணக்கு தாங்கும். நிறுத்திவைத்த நாட்களில் கொஞ்சம் குறையும். அன்றைக்கு பிளக் தேடுங்கள்.

அல்டர்னேட்டரா, லிதியமா

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். முன் பற்றரியில் 14.1 காட்டுகிற அல்டர்னேட்டர் நல்ல அல்டர்னேட்டர். ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கியபோதும் 13.8க்குக் கீழே விழுந்தால் பெல்ட்டைப் பாருங்கள். பெரியது போட்டாலும் அதே மெல்லிய வயரில்தான் வந்தாகவேண்டும்.

லிதியம் (வாங்குவதாக இருந்தால் இரும்புப் பொஸ்பேற்று வகை) நல்ல சாமான்தான். 100 அம்பியர்-மணி லிதியம், உங்கள் 200 ஈயப் பற்றரியிலிருந்து எடுக்கக்கூடிய அளவைத் தரும், பாரமும் குறைவு. ஆனால் அது கிடைக்கிற அம்பியரை எல்லாம் இழுக்கும். நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் இல்லாமல், வெறும் ரிலேயில் கொழுவினால் அல்டர்னேட்டர் சூடேறிக் கருகலாம், இல்லை உங்கள் 7/0.67 கருகும். வழியைத் திருத்திய பிறகு, இந்தப் பற்றரி ஆயுள் முடிந்த அன்றைக்கு லிதியம் பற்றி யோசியுங்கள். அப்போது எம்.பி.பி.டி.யும் டி.சி.-டி.சி. சார்ஜரும் அமைப்பை மாற்றினால் அதற்கும் உதவும், காசு வீணாகாது.

கடையோடு எப்படிக் கதைப்பது

உங்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். கடைக்காரர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கக்கூடும். வாகனம் ஸ்டார்ட் பண்ணுகிற பற்றரியின் உத்தரவாத அட்டையில், இன்வேர்ட்டருக்கோ சோலருக்கோ பாவித்தால் செல்லாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். முதலில் அட்டையை வாசியுங்கள். வாங்கும்போது "வானுக்குள் பிரிட்ஜ் ஓட்ட" என்று சொல்லித்தான் வாங்கினீர்களா? சொல்லியும் இதையே தந்தார் என்றால் உங்கள் பக்கம் பலமாகும்.

அதைவிடப் பலமான சாட்சி பற்றரிக்குள் இருக்கிறது. நல்ல சார்ஜரில் ஓர் இரவு முழுக்கப் போட்டு நிரப்பிவிட்டு, ஆறு செல்லிலும் ஹைட்ரோமீற்றர் (அமிலத்தின் அடர்த்தி அளக்கிற கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் முன்னாலேயே. நிறைந்த செல் 1.26, 1.28 அளவில் காட்டவேண்டும். ஐந்து செல் சரியாக இருந்து ஒன்று மட்டும் 0.05க்கு மேல் விழுந்திருந்தால் அந்தச் செல் பழுது. மாற்றித் தரும்படி உறுதியாகக் கேட்கலாம். ஆறும் ஒன்றுபோலக் குறைவு என்றால் அது சார்ஜ் போதாத பற்றரி, அதாவது உங்கள் வானின் வேலை. அப்போது சண்டை பிடிக்காதீர்கள்.

கேட்டும் தரவில்லை என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது, ஆகவே பரிசோதனையை இந்தக் கிழமையே செய்யுங்கள். பற்றுச்சீட்டையும் அட்டையையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதை முதலில் செய்வது

பியூஸ். நீங்கள் அனுப்பிய வயரிங் படத்தில் முன் பக்கம் மட்டும் ஒன்று இருக்கிறது. அந்த வயரின் இரண்டு பக்கமும் பற்றரி என்பதால் இரண்டு பக்கமும், பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள், பியூஸ் வேண்டும். கார்ப்பெட்டுக்குக் கீழே போகிற வயர் எங்காவது உரசிப் பொடியில் தொட்டால், பின் பற்றரி தன் பலம் முழுவதையும் அதற்குள் கொட்டும். அதற்கு மேலேதான் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். 7/0.67 இருக்கும்வரை 20 அம்பியர் பியூஸ், அதற்கு மேல் வேண்டாம். இன்வேர்ட்டருக்குப் போகிற தடித்த வயருக்கும் தனியாக, அதன் அளவுக்கு ஏற்ற பியூஸ் வேண்டும்.

ரிலேயும் பிழையான இடத்திலிருந்து இயங்குகிறது. சாவியைத் திருப்பிய உடனேயே அது இரண்டு பற்றரியையும் சேர்த்துவிடுகிறது, அதனால் ஸ்டார்ட் பண்ணும் பெரிய கரண்டில் ஒரு பங்கு அந்த மெல்லிய வயரால் இழுபடுகிறது. டி.சி.-டி.சி. சார்ஜர் வாங்கினால் ரிலேயே தேவையில்லை. காசு இப்போது இல்லையென்றால், வோல்ட்டேஜ் 13.3க்கு ஏறிய பிறகு சேர்ந்து 12.8க்கு இறங்கினால் பிரிகிற ரிலே ஒன்று போடுங்கள். எதைப் போட்டாலும் வயர் 16 சதுர மில்லிமீற்றர், கழிக்கும் பொடியை நம்பாமல் அதே தடிப்பில் தனி வயர்.

இன்னொன்று, யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். இதுவரை உங்கள் பற்றரி ஒழுங்காகச் சார்ஜ் ஆகவில்லை என்பதால் வாயுவும் அதிகம் விடவில்லை. வயரைத் திருத்திய நாளிலிருந்து விடும். ஐதரசன் வாயு, ஒரு தீப்பொறி போதும். ஆகவே வயரில் கைவைப்பதற்கு முன்பே பற்றரியை மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் மேல்பக்கத்திலிருந்து ஒரு குழாயை வண்டிக்கு வெளியே விடுங்கள். தண்ணீரும் இனிக் குறையும், மாதம் ஒருமுறை பாருங்கள். காய்ச்சி வடித்த நீர் மட்டும். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற உப்புக்கும் இரும்புக்கும் பற்றரியில் வேலையில்லை. கட்டிலுக்குக் கீழே பகலில் 35 பாகைக்கு மேல் போகும் என்பதால், கொன்ட்ரோலரில் வெப்ப உணரி இருந்தால் பூட்டுங்கள்; இல்லாவிட்டால் 14.4ஐ 14.2 ஆக்கி வையுங்கள்.

தங்குமிடத்தில் யன்னலால் வயர் இழுத்துக் கொழுவுவது பற்றி: மூன்று கம்பி வயர், வானுக்குள் தனி ட்ரிப் சுவிட்ச், பொடிக்கு ஏர்த். இன்வேர்ட்டரும் வெளிக் கரண்டும் ஒரே பிளக்குக்கு வருவதாக இருந்தால் நடுவில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சேர்ப்பது) கட்டாயம். இந்த வேலையில் மச்சான் கெட்டிக்காரர், அவரிடமே கொடுங்கள். அந்த 10 அம்பியர் சார்ஜர் ஓர் இரவில் பாதியைக்கூட நிரப்பாது, 20 அம்பியருக்கு மாற்றுங்கள். ஈயப் பற்றரி கடைசி இருபது வீதத்தை மிக மெதுவாகத்தான் வாங்கும், அதனால் கிழமைக்கு ஓர் இரவாவது வீட்டில் பிளக்கில் விடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காசுக்கு ஆட்களை ஏற்றுகிற, உள்ளே மாற்றிய வண்டி இது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் மாற்றத்தைச் சொல்லி, எழுத்தில் வாங்கி வையுங்கள். அதைப் பற்றி ஒரு சட்டத்தரணியிடம் கேட்பது நல்லது.

ஒக்டோபரோடு அறுகம்பை சீசன் முடிந்து, மழை தொடங்க வானை வீட்டில் நிறுத்துவீர்கள். அப்போது பற்றரியை முழுதாக நிரப்பி, கழி முனையைக் கழற்றிவிட்டு, மாதம் ஒரு தடவை திரும்பச் சார்ஜ் போடுங்கள். பேனல் பார்த்துக்கொள்ளும் என்று மார்கழி வானத்தை நம்பி விட்டுவிடவேண்டாம்.